ஐ.நா. அனுமதி இல்லாமல் ஒரு நாடு போர் தொடுக்கலாமா? சட்டம் சொல்வது என்ன, நடப்பது என்ன?

2003 மார்ச் 20. ஈராக் தலைநகர் பாக்தாத்தில் விடிவதற்கு முன்பே குண்டுகள் விழ ஆரம்பித்தன. அமெரிக்காவும் பிரிட்டனும் முன்னின்று நடத்திய அந்தப் போருக்கு ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் தனியாக எந்த அனுமதியும் தரவில்லை. கேட்டுப் பார்த்தார்கள். கிடைக்காது என்று தெரிந்ததும், தீர்மானத்தை ஓட்டெடுப்புக்கே விடாமல் போருக்குப் போனார்கள்.

அது சட்டப்படி சரியா, தவறா? இந்தக் கேள்வி இன்றுவரை ஓயவில்லை. உலகில் எங்கே புதிதாகப் போர் வெடித்தாலும், "ஈராக்கில் நீங்கள் செய்யவில்லையா?" என்ற எதிர்க்கேள்வி உடனே வந்து நிற்கிறது. ஒரு நாடு தன்னிச்சையாகப் போர் தொடுக்க முடியுமா, யாரிடம் அனுமதி வாங்க வேண்டும், வாங்காவிட்டால் என்ன ஆகும்? விரிவாகப் பார்ப்போம்.

சர்வதேச சட்டம் என்ன சொல்கிறது?

ஒரு காலத்தில் போர் தொடுப்பது அரசர்களின், அரசுகளின் உரிமையாகவே பார்க்கப்பட்டது. 1928-ல் பாரிஸில் கையெழுத்தான கெல்லாக்-பிரியான் ஒப்பந்தம்தான் அதை மாற்ற முயன்ற முதல் பெரிய முயற்சி. தேசியக் கொள்கையின் கருவியாகப் போரைப் பயன்படுத்த மாட்டோம் என்று நாடுகள் அதில் உறுதி கொடுத்தன. ஆனால் 11 ஆண்டுகளிலேயே இரண்டாம் உலகப் போர் வந்துவிட்டது.

அந்தப் பேரழிவுக்குப் பிறகு, 1945-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனம் கையெழுத்தானது. இந்த விவகாரத்தில் முக்கியமானவை மூன்று இடங்கள்:

• பிரிவு 2(4): எந்த நாடும் இன்னொரு நாட்டின் எல்லை ஒருமைப்பாட்டுக்கோ அரசியல் சுதந்திரத்துக்கோ எதிராகப் படைபலத்தைப் பயன்படுத்தக் கூடாது. பயன்படுத்துவோம் என்று மிரட்டவும் கூடாது.

• பிரிவு 51: ஆயுதத் தாக்குதல் நடந்தால் தற்காத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு. நட்பு நாடுகளும் துணைக்கு வரலாம். ஆனால், எடுத்த நடவடிக்கையை உடனே பாதுகாப்பு கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும்.

• ஏழாவது அத்தியாயம்: உலக அமைதிக்கு ஆபத்து என்று பாதுகாப்பு கவுன்சில் முடிவு செய்தால், ராணுவ நடவடிக்கைக்கு அதுவே அனுமதி கொடுக்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால், போருக்கு இரண்டு கதவுகள்தான் திறந்திருக்கின்றன. ஒன்று தற்காப்பு. இன்னொன்று பாதுகாப்பு கவுன்சிலின் அனுமதி. அடி வாங்கிய நாடு திருப்பி அடிக்க யாரிடமும் முன்கூட்டியே அனுமதி கேட்கத் தேவையில்லை. பிரச்சினையே, அடி விழாத நிலையில் முதலில் அடிப்பவர் விஷயத்தில்தான்.

அனுமதி எப்படிக் கிடைக்கும்?

பாதுகாப்பு கவுன்சிலில் 15 நாடுகள். அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய ஐந்தும் நிரந்தர உறுப்பினர்கள். ஒரு தீர்மானம் நிறைவேற 9 ஓட்டு வேண்டும். அந்த ஐந்தில் ஒரு நாடுகூட எதிர்த்து ஓட்டுப் போடக் கூடாது. இதுதான் வீட்டோ.

முறைப்படி அனுமதி வாங்கிய போருக்கு நல்ல உதாரணமும் ஈராக்தான். 1990 ஆகஸ்ட் 2-ல் சதாம் உசேனின் படைகள் குவைத்தை ஆக்கிரமித்தன. நவம்பர் 29-ல் 678-வது தீர்மானம் வந்தது. 1991 ஜனவரி 15-க்குள் ஈராக் வெளியேறாவிட்டால், தேவையான எல்லா வழிகளையும் பயன்படுத்தலாம் என்று உறுப்பு நாடுகளுக்கு அது அனுமதி கொடுத்தது. 12 நாடுகள் ஆதரவு, கியூபாவும் ஏமனும் எதிர்ப்பு, சீனா வாக்கெடுப்பைப் புறக்கணித்தது. கெடு முடிந்த பிறகுதான் போர் தொடங்கியது. குவைத் மீட்கப்பட்டது. 1991 ஏப்ரலில் வந்த 687-வது தீர்மானம், பேரழிவு ஆயுதங்களை ஈராக் ஒழிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு போர் நிறுத்தத்தை உறுதி செய்தது.

அப்போ 2003-ல் என்னதான் நடந்தது?

2002 நவம்பர் 8-ல் பாதுகாப்பு கவுன்சில் 1441-வது தீர்மானத்தை 15-0 என ஒருமனதாக நிறைவேற்றியது. ஈராக் தனது கடமைகளை மீறிவிட்டது, இது கடைசி வாய்ப்பு, தொடர்ந்து மீறினால் கடுமையான விளைவுகளைச் சந்திக்க வேண்டிவரும் என்றது தீர்மானம். ஆனால், "தேவையான எல்லா வழிகளும்" என்ற வாசகம் அதில் இல்லை. அதற்கு ஒப்புதல் தந்திருக்காது என்பதுதான் பிரான்ஸ், ரஷ்யா, சீனாவின் நிலை.

ஹான்ஸ் பிளிக்ஸ் தலைமையிலான ஐ.நா. ஆய்வாளர்கள் ஈராக்குக்குள் போனார்கள். 2003 பிப்ரவரி 5-ல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல், ஈராக்கிடம் ரகசிய ஆயுதங்கள் இருப்பதாகப் படங்களோடும் ஒலிப்பதிவுகளோடும் கவுன்சிலில் விளக்கினார். மார்ச் 7-ல் பிளிக்ஸ், மிச்சமிருக்கும் ஆயுத ஒழிப்புப் பணிகளைச் சரிபார்க்க ஆண்டுகள் ஆகாது, வாரங்களும் போதாது, சில மாதங்கள் வேண்டும் என்றார்.

அந்த மாதங்கள் கிடைக்கவில்லை. அமெரிக்கா, பிரிட்டன், ஸ்பெயின் கொண்டுவந்த இரண்டாவது தீர்மானத்துக்கு 9 ஓட்டு தேறவில்லை. வீட்டோ போடவும் பிரான்ஸ் தயாராக இருந்தது. மார்ச் 17-ல் அந்த முயற்சி கைவிடப்பட்டது. அன்றே சதாமுக்கு 48 மணி நேரக் கெடு விதித்தார் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்.

போரை ஆதரித்தவர்களின் வாதம்

அனுமதி ஏற்கெனவே இருக்கிறது என்பதே அமெரிக்கா, பிரிட்டனின் வாதம். 1990-ல் தந்த 678-வது தீர்மான அனுமதி ரத்தாகவில்லை, போர் நிறுத்தத்தால் தற்காலிகமாக நின்றிருந்தது. நிபந்தனையை ஈராக் மீறியதால், 1441-வது தீர்மானத்தின் மூலம் அந்தப் பழைய அனுமதிக்கு மறுபடியும் உயிர் வந்துவிட்டது என்றார்கள்.

இன்னொரு வாதமும் உண்டு. அணு, ரசாயன ஆயுதங்கள் உள்ள காலத்தில், முதல் அடி விழும்வரை ஒரு நாடு கைகட்டிக் காத்திருக்க முடியுமா? 2001 செப்டம்பர் 11 தாக்குதலைச் சந்தித்த அமெரிக்காவில் இந்தக் கேள்விக்குப் பலமான ஆதரவு இருந்தது. அமெரிக்க நாடாளுமன்றமும் 2002 அக்டோபரிலேயே அதிபருக்குப் போர் அதிகாரம் கொடுத்திருந்தது.

எதிர்த்தவர்களின் வாதம்

678-வது தீர்மானம் குவைத்தை மீட்பதற்காகக் கொடுத்தது. 12 ஆண்டு கழித்து ஓர் ஆட்சியையே கவிழ்க்க அதைப் பயன்படுத்த முடியாது. நிபந்தனை மீறப்பட்டதா, அடுத்து என்ன செய்வது என்பதை முடிவு செய்ய வேண்டியது அனுமதி கொடுத்த கவுன்சில்தான், தனித்தனி நாடுகள் அல்ல. 1441-வது தீர்மானம் நிறைவேறிய அன்று, அதில் தானாகப் போரைத் தொடங்கும் ஏற்பாடு எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்று அமெரிக்கத் தூதரே கவுன்சிலில் சொன்னதையும் இவர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

தற்காப்பு வாதமும் எடுபடவில்லை. தாக்குதல் நடக்கும் தறுவாயில் இருந்தால் முந்திக்கொண்டு தடுக்கலாம் என்று ஏற்கும் சட்ட நிபுணர்கள் உண்டு. ஆனால், என்றைக்கோ வரலாம் என்ற ஆபத்துக்காக இன்றைக்கே தாக்கலாம் என்பதை ஏற்பவர்கள் மிகக் குறைவு. 1981-ல் ஈராக்கின் ஒசிராக் அணு உலையை இஸ்ரேல் குண்டு வீசி அழித்தபோது, பாதுகாப்பு கவுன்சில் அதை ஒருமனதாகக் கண்டித்தது. அந்தத் தீர்மானத்துக்கு அமெரிக்காவும் ஆதரவாக ஓட்டுப் போட்டது.

பிரிட்டன் அரசுக்குள்ளேயே எழுந்த சந்தேகம்

பிரிட்டனின் அட்டர்னி ஜெனரல் கோல்ட்ஸ்மித், மார்ச் 7-ல் பிரதமர் டோனி பிளேருக்கு ரகசியமாக நீண்ட சட்டக் குறிப்பு ஒன்றைக் கொடுத்தார். 1441 போதும் என்று வாதிட இடம் இருக்கிறது, ஆனால் இரண்டாவது தீர்மானம் வாங்குவதே பாதுகாப்பான வழி என்பது அதன் சாரம். பத்தே நாளில், மார்ச் 17-ல், நாடாளுமன்றத்துக்கு அவர் கொடுத்த சுருக்கமான பதிலில் இந்தத் தயக்கம் எதுவும் இல்லை. போர் சட்டப்படியானதே என்று தெளிவான உறுதி வேண்டும் என ராணுவத் தலைமை கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

அதே நாளில் மூத்த அமைச்சர் ராபின் குக் ராஜினாமா செய்தார். வெளியுறவுத் துறையின் துணைச் சட்ட ஆலோசகர் எலிசபெத் வில்ம்ஷர்ஸ்ட்டும் பதவி விலகினார். ஆனாலும் மார்ச் 18-ல் பிரிட்டன் நாடாளுமன்றம் 412-149 என்ற கணக்கில் போருக்கு ஒப்புதல் கொடுத்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சொந்த நாட்டு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் உள்நாட்டுச் சட்டத்துக்குப் போதும். சர்வதேச சட்டத்துக்கு அது பதிலாகாது.

ஆயுதங்கள் கிடைத்ததா?

இல்லை. அமெரிக்கா அமைத்த ஆய்வுக் குழுவே 2004-ல், ஈராக்கிடம் பேரழிவு ஆயுதக் கையிருப்பு இல்லை என்று அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான், இந்தப் போர் சாசனத்துக்கு ஒத்ததல்ல, அந்த வகையில் சட்டவிரோதமானது என்று வெளிப்படையாகச் சொன்னார்.

2016 ஜூலையில் வெளியான பிரிட்டனின் சில்காட் விசாரணை அறிக்கை, அமைதி வழிகள் அனைத்தையும் முயன்று பார்ப்பதற்கு முன்பே போர் தொடங்கப்பட்டதாகச் சொன்னது. போருக்குச் சட்ட அடிப்படை இருப்பதாக முடிவு செய்த விதம் திருப்திகரமாக இல்லை என்றும் குறை கூறியது.

ஆனால் அதற்குள் அமெரிக்கா சுமார் 4,500 வீரர்களையும், பிரிட்டன் 179 பேரையும் இழந்திருந்தன. ஈராக்கில் பலியான பொதுமக்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். தப்புக் கணக்குக்கு விலை கொடுத்தவர்கள், கணக்குப் போட்ட இடத்தில் இல்லை.

அனுமதி இல்லாத எல்லாப் போரும் தவறா?

இங்கேதான் விவாதம் சிக்கலாகிறது. 1999-ல் கொசோவோவில் அல்பேனிய மக்கள் மீதான வன்முறையைத் தடுப்பதாகச் சொல்லி, ஐ.நா. அனுமதி இல்லாமலேயே யூகோஸ்லாவியா மீது நேட்டோ 78 நாள் குண்டு வீசியது. உடனே நிறுத்தச் சொல்லி ரஷ்யா, இந்தியா, பெலாரஸ் கொண்டுவந்த தீர்மானம் 3-12 எனத் தோற்றது. இதை ஆராய்ந்த சர்வதேச சுயாதீன ஆணையம், நடவடிக்கை சட்டப்படி தவறு, ஆனாலும் நியாயமானது என்று முடிவு சொன்னது.

இந்தியாவுக்கும் இப்படி ஓர் அனுபவம் உண்டு. 1971-ல் கிழக்குப் பாகிஸ்தானில் நடந்த கொடுமைகளிலிருந்து தப்பி, சுமார் ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். டிசம்பர் 3-ல் பாகிஸ்தான் விமானப்படை இந்திய விமானத் தளங்களைத் தாக்க, முழுப் போர் மூண்டது. பாதுகாப்பு கவுன்சிலில் வந்த போர் நிறுத்தத் தீர்மானங்களை சோவியத் யூனியன் வீட்டோ செய்தது. ஐ.நா. பொதுச்சபையில் 104 நாடுகள் போர் நிறுத்தம் கேட்டு ஓட்டுப் போட்டன. இந்தியா நிறுத்தவில்லை. டிசம்பர் 16-ல் வங்கதேசம் விடுதலை பெற்றது. அந்த 104 நாடுகளின் பேச்சைக் கேட்டிருந்தால் வங்கதேச மக்களின் கதி என்னவாகியிருக்கும் என்ற கேள்விக்கு, அனுமதி அவசியம் என்போரிடம் எளிதான பதில் இல்லை.

அனுமதி கொடுக்க வேண்டியவரே போர் தொடுத்தால்?

2022 பிப்ரவரி 24-ல் உக்ரைனுக்குள் ரஷ்யா நுழைந்தது. இதுவும் தற்காப்பே என்று பிரிவு 51-ஐ ரஷ்யா காட்டியது. அடுத்த நாளே கண்டனத் தீர்மானம் வந்தது. 11 ஓட்டு ஆதரவு. ரஷ்யாவின் ஒரே ஓட்டில் அது செத்துப்போனது. இந்தியா, சீனா, ஐக்கிய அரபு அமீரகம் வாக்கெடுப்பைப் புறக்கணித்தன.

பிறகு மார்ச் 2-ல் பொதுச்சபையில் 141 நாடுகள் ரஷ்யா வெளியேற வேண்டும் என்றன. ஆனால் பொதுச்சபைத் தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது.

மீறினால் தண்டனை உண்டா?

சட்டத்தில் உண்டு, நடைமுறையில் அரிது. நிகரகுவாவுக்கு எதிராக அமெரிக்கா படைபலத்தைப் பயன்படுத்தியது தவறு என்று 1986-ல் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை நிறைவேற்றக் கோரிய தீர்மானத்தை அமெரிக்கா வீட்டோ செய்தது. ஆக்கிரமிப்புப் போரைக் குற்றமாக விசாரிக்கும் அதிகாரம் 2018-ல்தான் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்கு வந்தது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா எதுவும் அதில் உறுப்பினர் இல்லை.

அப்படின்னா, அனுமதிக்கு மதிப்பே இல்லையா?

இருக்கிறது. ஈராக்கில் பணியாற்றப் படை அனுப்பும்படி இந்தியாவை அமெரிக்கா கேட்டது. 2003 ஜூலை 14-ல் வாஜ்பாய் அரசு மறுத்துவிட்டது. ஐ.நா.வின் வெளிப்படையான ஆணை இருந்தால் பரிசீலிக்கலாம் என்பதே பதில். அந்த ஒரு தாள் இல்லாததால், இந்திய வீரர்கள் அந்தப் போர்க்களத்துக்குப் போகவில்லை.

வல்லரசு நினைத்தால் அனுமதி இல்லாமலும் போர் தொடங்க முடியும் என்பதை ஈராக்கும் உக்ரைனும் காட்டிவிட்டன. ஆனால் அப்படித் தொடங்கியவர்களும், சட்டம் எங்களுக்குப் பொருட்டே இல்லை என்று சொன்னதில்லை. ஒருவர் பழைய தீர்மானத்தைத் தேடினார், இன்னொருவர் பிரிவு 51-ஐத் தேடினார். அடுத்த முறை ஒரு நாடு "தற்காப்பு" என்று சொல்லிக்கொண்டு களமிறங்கினால், கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. முதலில் தாக்கியது யார்? ஆபத்து உடனடியானதா? ஆதாரத்தைச் சரிபார்த்தது யார்? 2003-ல் மூன்றாவது கேள்விக்குப் பதில் தேடத்தான் பிளிக்ஸ் சில மாதங்கள் கேட்டார்.