கடற்கோட்டை: தண்ணி நடுவில தாகத்தால விழுந்த கோட்டை

யாழ்ப்பாணத்தில கோட்டை எண்டா எல்லாருக்கும் பண்ணைக் கடலோரம் கிடக்கிற அந்தப் பெரிய ஐங்கோணக் கோட்டைதான் ஞாபகம் வரும். எனக்கு அதைவிட, ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில கடலுக்குள்ள தனிய நிக்கிற சின்னக் கோட்டையிலதான் பிடிப்பு. ஊர்ச்சனம் 'கடற்கோட்டை' எண்டு சொல்லும். வரைபடத்தில் ஹம்மன்ஹீல்.

பெயர் ஒல்லாந்தர் வைத்தது. 'பன்றித் தொடையின் குதிக்கால்' எண்டு அர்த்தம். இலங்கையின் வடிவம் அவங்களுக்குப் பன்றித் தொடை மாதிரித் தெரிஞ்சிருக்கு! மாங்காய் மாதிரி எண்டு படிச்ச ஆக்கள் நாங்கள். அவரவர் பசி அவரவர்க்கு :-)

முதலில் கட்டியவர்கள் போர்த்துக்கீசர். யாழ்ப்பாண அரசை 1619இல் பிடித்த பிறகு இந்தக் கடல்வழியைக் காக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்தது. ஊர்காவற்றுறையில் இருந்துதான் யானைகளைக் கப்பலேற்றினார்கள். மேற்குக் கடலில் இருந்து யாழ்ப்பாணப் பக்கம் வாற கப்பல்களும் இதைத் தாண்டித்தான் போகவேணும். எதிர்க்கரையிலும் ஒரு கோட்டை கட்டினார்கள். அது இப்ப இடிபாடு.

கடற்கோட்டை எண்கோண வடிவம். கட்டினது முருகைக்கல்லால. எங்கட பக்கம் கருங்கல் மலை ஏது? கடல் தந்த கல்லை வெட்டி, சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கடலுக்குள்ளேயே மதில் எழுப்பியிருக்கினம். நாலு பக்கமும் தண்ணி. அகழி வெட்டுற வேலையே இல்லை.

ஆனா அந்தத் தண்ணியைக் குடிக்க ஏலாதே! அங்கதான் விசயம் கிடக்கு. 1658இல் ஒல்லாந்தர் வந்து முற்றுகையிட்டபோது, உள்ளே குடிதண்ணி சேர்த்து வைத்திருந்தது மரத்தாலான தொட்டியில். பீரங்கிக் குண்டு அதை உடைச்சுப் போட்டுது. இரண்டு கிழமை தாக்குப் பிடிச்சுப் பார்த்துவிட்டு போர்த்துக்கீசர் சரணடைந்தார்கள். மதில் தோற்கேல்லை, தாகம்தான் தோற்கடிச்சது. ஒல்லாந்தர் பிறகு அதைத் திருத்திக் கட்டினார்கள். 1795இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது.

ஆங்கிலேயர் அதைச் சிறையாக்கினார்கள். யோசிச்சுப் பாருங்கோ, கோட்டைக்கு எது பலவீனமோ அதுவே சிறைக்குப் பலமாப் போச்சு. வெளியில இருந்து ஒரு வாளி தண்ணி வராட்டி உள்ள இருக்கிறவன் செத்தான். காவலாளி கண்ணயர்ந்தாலும் கடல் கண்ணயராது.

சுதந்திரத்துக்குப் பிறகும் அது சிறைதான். 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் பிடிபட்ட ஜே.வி.பி. இளைஞர்களையும் அங்கே அடைத்தார்கள். தெற்கில பிறந்து வளர்ந்த பெடியள், வடக்குக் கடல் நடுவில, ஒல்லாந்தர் திருத்திய மதிலுக்குள்ள. கொடி மாறினாலும் பூட்டு மாறேல்லை.

2009இல் போர் முடிந்த பிறகு கடற்படை அங்கே சுற்றுலா விடுதி நடத்தத் தொடங்கியது. கட்டடம் இடியாமல் நிக்குது, அதில எனக்குச் சந்தோசம்தான். ஆனால் கோட்டையைப் பிடிச்ச தளபதியின் பெயர் புத்தகத்தில கிடக்கு. உள்ளே கிடந்து உத்தரிச்ச கைதிகளில எத்தனை பேரின்ட பெயர் எங்களுக்குத் தெரியும்? படம் எடுக்கிறதுக்கு முதல் ஒரு நிமிசம் அதை நினைச்சால் போதும்.

உங்கட ஊர்ப்பக்கமும் சிறையாக மாறின கோட்டை இருந்தா எழுதுங்கோ. வாசிக்கக் காத்திருக்கிறன்.