பால் வண்டியில் போன ஒலிப்பதிவுக் கருவி

'உலக இசை' என்ற பெயர் 1987இல் லண்டனின் மதுக்கூடம் ஒன்றில் முடிவு செய்யப்பட்டது. கடையில் எந்த அடுக்கிலும் சேராத இசைத்தட்டுகளை எங்கே வைப்பது என்பதே அன்று கூடியிருந்த சிறு இசைத்தட்டு நிறுவனத்தாரின் கவலை. பெயர் விற்பனைக்கு உதவியது. அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, அதே லண்டனில், வேறொரு கவலையோடு அந்த இசையை வானொலிக்குக் கொண்டுவந்த ஒருவரை அந்தப் பெயர் மறைத்துவிட்டது என்பதுதான் நம் வருத்தம்.

தேபன் பட்டாச்சார்யா 1921இல் காசியில், வங்காளிக் குடும்பத்தில் பிறந்தவர். அப்போது காசியில் தங்கி இசை பயின்றுவந்த பிரெஞ்சு அறிஞர் அலென் தனியேலுவின் பழக்கம் அவருக்குக் கிடைத்தது. 1949இல் லண்டன் சென்றார். அஞ்சலகத்திலும் பெரிய கடையொன்றிலும் உடலுழைப்பு வேலை பார்த்துக்கொண்டே பிபிசி வானொலிக்கு இந்திய இசை பற்றிய நிகழ்ச்சிகளைத் தயாரிக்கத் தொடங்கினார்.

1955இல் அவர் மேற்கொண்ட பயணம் இன்று கேட்டாலும் வியப்பளிப்பது. பழைய பால் வண்டி ஒன்றை மாற்றியமைத்து, கட்டடக்கலை மாணவர் ஒருவரும் பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ஒருவரும் துணைவர, ஐரோப்பாவிலிருந்து தரைவழியே கல்கத்தாவுக்குப் புறப்பட்டார். துருக்கி, சிரியா, ஜோர்தான், ஈராக், ஈரான், ஆப்கானிஸ்தான் என்று வழி நெடுகப் பாடுகிறவர்களைத் தேடிப்போய்ப் பதிவு செய்தார். பாடகரை ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வரவழைப்பது அவர் வழக்கமன்று. பாட்டு எங்கே வாழ்கிறதோ அங்கே கருவி போகவேண்டும். (அந்நாளைய நாடா ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கே இதன் பாரம் விளங்கும்.)

பதிவு செய்வதோடு வேலை முடிந்துவிடவில்லை. உண்மையான சிக்கல் வானொலி நிலையத்தில்தான் காத்திருந்தது. பாவுல் பாடகர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தைத் திங்கள் பிறக்கும் வேளையில் அஜய் ஆற்றங்கரையில், ஜெயதேவரின் ஊரென்று கருதப்படும் கெந்துளியில், பாவுல்கள் கூடி இரவெல்லாம் பாடுவார்கள். ஒற்றைத் தந்தி ஏக்தாராவின் துள்ளலைக் கேட்டு மகிழ மொழி தேவையில்லை. ஆனால் பாட்டு சொல்வது வேறு. உடம்பே கோயில், உள்ளே குடியிருக்கும் 'மனத்தின் மனிதனை'த் தேடு என்கிற மறைபொருள் அதில் இருக்கிறது. நம் சித்தர் பாடல்களைப் படித்தவர்களுக்கு இந்தப் பரிபாஷை அந்நியமாய் இராது. லண்டன் நேயரின் காதில் விழுவதோ துள்ளல் மட்டுமே. சொல்லை விட்டுவிட்டு ஓசையை மட்டும் ஒலிபரப்பினால் அது பாவுல் பாட்டுத்தானா?

இந்தக் கேள்வியே அவரை மொழிபெயர்ப்பாளராக்கியது என்று நமக்குத் தோன்றுகிறது. வித்யாபதியின் காதல் பாடல்களை 1963இலும், சண்டிதாசருடையவற்றை 1967இலும், பாவுல் பாடல்களை 1969இலும் ஆங்கிலத்தில் நூலாக்கினார். இலக்கிய வாசகர்களான நம்மில் பலர் அவரை வித்யாபதி வழியாகவே முதலில் அறிந்தோம். ஒலிநாடாக்கள் பிறகுதான் வந்தன. இரண்டையும் இரு வேறு தொழில்களாக நெடுநாள் எண்ணியிருந்தது நம் பிழை. பதிவு செய்தவர் அவரே, பொருள் சொன்னவரும் அவரே. கதாகாலட்சேபத்தில் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே பாகவதர் வகிக்கும் இடம் வானொலியில் அவருடையதாயிற்று.

வானொலியால் தாங்கமுடியாதவையும் உண்டு. ராஜஸ்தானத்துப் போபாக்கள் பாபூஜியின் கதையை, நீண்ட ஓவியத் திரையை விரித்து வைத்து, விளக்கொளியில் ஒவ்வொரு காட்சியாகச் சுட்டி, அந்தியிலிருந்து விடியும்வரை பாடுகிறார்கள். அவர்களுக்கு அந்தத் திரையே தெய்வம் எழுந்தருளும் கோயில். இசைத்தட்டின் ஒரு பக்கமோ இருபது சொச்சம் நிமிடம். வானொலி நிகழ்ச்சிக்கும் கடிகாரம் உண்டு. எதை வெட்டுவது? வங்காளத்துப் பட்டுவாக்கள் இன்னும் சங்கடமானவர்கள். பிறப்பால் பெரும்பாலும் முஸ்லிம்களான அவர்கள் மனசா தேவியின் கதையை ஓவியச் சுருளை அவிழ்த்துப் பாடுகிறவர்கள். சுருள் இல்லாமல் பாட்டுக்குப் பாதி உயிர்தான். பிற்காலத்தில் தேபன் திரைப்படக் கருவியைக் கையிலெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம். ஓவியக் கதைப்பாட்டைப் பற்றியே ஒரு படம் எடுத்தார்.

அவர் வெளியிட்ட இசைத்தட்டுகள் நூற்றுக்கும் மேல். பிரான்சில் குடியேறி, 2001இல் பாரிஸில் காலமானார். பால் வண்டிப் பயணத்தைப் பற்றி அவர் எழுதி வைத்திருந்தது அவர் காலத்தில் நூலாகவில்லை. 2018இல்தான் அது, வழியில் பதிவான இசையடங்கிய நான்கு குறுந்தகடுகளோடு சேர்ந்து, ஒரே பெட்டியாக வெளிவந்தது.