தலைக்காசு

தேயிலைச் செடியின் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லித்தான் கங்காணி ஆள் சேர்த்தான் என்பது மலையகத்தில் இன்றும் சொல்லப்படும் கதை. அதை நம்பியவர்களை ஏமாளிகள் என்று சிரித்துவிட்டுப் போவது எளிது. சொன்னவன் யார் என்று பார்த்தால் சிரிப்பு வராது. பெரும்பாலும் அவன் அதே ஊர்க்காரன், அதே சாதிக்காரன், மாமன் முறையோ பங்காளி முறையோ ஆனவன். பஞ்சத்திலும் கடனிலும் கிடந்த குடும்பத்துக்கு முன்பணம் கொடுத்தவனும் அவன்தான். அந்நியனைச் சந்தேகிக்கலாம், மாமனை எப்படிச் சந்தேகிப்பது?

இலங்கையில் காப்பித் தோட்டங்கள் இருந்த காலத்தில் இங்கிருந்து போனவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அறுவடை முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். 1869இல் தென்பட்ட இலைநோய் காப்பியை அழித்த பிறகு தேயிலை பரவியது. தேயிலை ஆண்டு முழுவதும் துளிர்க்கும். ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். அதற்குப் பெண்கள் தேவைப்பட்டார்கள். பெண் வந்தால் குடும்பம் வரும், குடும்பம் வந்தால் ஆண் ஓடமாட்டான் என்பதும் தோட்டத்தின் கணக்கு.

கங்காணிக்கும் ஒரு கணக்கு இருந்தது. தன் கீழ் உள்ள ஒவ்வொருவரும் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் தோட்டம் அவனுக்குக் காசு கொடுத்தது. அதன் பெயர் தலைக்காசு. பெண்ணுக்குக் கூலி ஆணைவிடக் குறைவு. தலையை எண்ணும்போது மட்டும் அவளும் ஒரு முழுத் தலை. காய்ச்சலோ கர்ப்பமோ, அவள் மலைக்கு ஏறினால்தான் அவனுக்கு அன்றைய காசு.

பயணச் செலவு, அரிசி, முன்பணம் எல்லாம் கங்காணியின் கணக்கில் கடனாக ஏறின. எழுதியவன் அவன், வாசிக்கத் தெரியாதவர்கள் இவர்கள். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இவ்வளவு கடன், அடைத்தால் விடுவிப்போம் என்று தோட்டத் துரை எழுதித் தரும் சீட்டு அது. புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கொடுத்து ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் தீரவில்லை, கைமாறியது. 1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. கங்காணியின் அதிகாரம் அதோடு ஒழிந்துவிடவில்லை.

இந்த ஏற்பாட்டில் பெண்ணின் இடம் எது? கடன் வாங்கியது அப்பனோ புருஷனோ. அடைத்தது அவள் கொழுந்தும்தான். அவள் கூலியைக் கூடப் பல வீடுகளில் ஆண்தான் கைநீட்டி வாங்கினான். மலையில் ஒருவன் கையைப் பிடித்து இழுத்தால் அவள் முறையிட வேண்டியது கங்காணியிடம். இழுத்தவனே கங்காணியாக இருந்தால்? ஆள்பிடிப்பவன், கடன்காரன், மேற்பார்வையாளன், உறவுக்காரன் எல்லாம் ஒரே ஆளாக இருந்ததுதான் இந்த முறையின் பலம். 1930களில் கோ. நடேசய்யரோடு தோட்டம் தோட்டமாகப் போய், பாட்டுப் பாடித் தொழிலாளரைத் திரட்டிய மீனாட்சி அம்மாள் அந்தப் பலத்துக்கு எதிராகத்தான் நின்றார். இலங்கைத் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமக்கூலி வர 1984 ஆக வேண்டியிருந்தது.

கங்காணி பழங்கதை அல்ல. கோவை, திருப்பூர், திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளுக்கு 'சுமங்கலித் திட்டம்' என்று பெண்பிள்ளைகளைச் சேர்த்த தரகர்களும் ஊருக்குத் தெரிந்த முகங்கள்தான். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்றார்கள். இடையில் உடம்பு முடியாமல் திரும்பிய பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை. தரகருக்கோ தலைக்கு இவ்வளவு என்று முன்பே கிடைத்துவிட்டது.

ஆகவே, வேலை வாங்கித் தருகிறேன் என்று அவசரப்படுத்துபவர் எவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தாலும் முதலில் ஒன்றைக் கேட்போம்: என்னைச் சேர்த்துவிட்டால் உங்களுக்கு யார், எவ்வளவு தருகிறார்கள்? நம் பாட்டிகளுக்கு இதைக் கேட்க இடமே இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது. பதில் வராவிட்டால் அதுவே பதில்.