அகலில் நின்ற ஆல்

வடபழனிப் பக்கத்து நர்சரிகளின் பெயர்ப்பலகைகளைச் சொல்லன்பர் எவரும் நின்று படிக்காமல் போக முடியாது. ஒன்றில் ‘போன்சாய்’, அடுத்ததில் ‘பொன்சாய்’, ஆங்கிலப் பள்ளி வாடை அடிக்கும் இன்னொன்றில் ‘போன்ஸாய்’. குறிலிட்டு எழுதியவரைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். ஆனால் ஜப்பானியர் வாயில் அந்த முதலெழுத்து குறிலே. பிழையென்று நாம் கருதும் பொன்சாய்தான் மூல ஒலிக்கு நெருக்கம். னகரத்தை அடுத்துச் சகரம் நிற்பது தமிழுக்குப் புதிதும் அன்று. தொல்காப்பியர் இசைவு தந்த மெய்ம்மயக்கம்தான் அது. நன்செய்யும் புன்செய்யும் அப்படி நின்று, பேச்சில் நஞ்சையும் புஞ்சையும் ஆயின. அந்த வழியிலேயே, செடி சுமக்கும் தொழிலாளி ‘போஞ்சாய்’ என்கிறார். நாவின் இலக்கணம் ஏட்டின் இலக்கணத்துக்கு முந்தியது.

பொன், சாய் இரண்டும் தமிழ்ச் சொற்களாகவே தோன்றுவதால் ஆசை எழலாம். சாய் என்றால் ஒளி, அழகு. சாய்தல் என்றால் ஒருபுறம் வளைதல். சிறுகலத்தில் மரம் வளர்க்கும் இந்த ஜப்பானியக் கலையில் மரத்தைச் சாய்த்து வளர்க்கும் பாணியும் உண்டு. அழகாகத்தான் பொருந்துகிறது! ஆனால் பொன்னும் சாயும் தமிழாகப் புணர்ந்தால் பொற்சாய் ஆகியிருக்கும். திரியாத னகரமே அது அயற்சொல் என்று காட்டிக்கொடுக்கிறது. தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு பேசிய சுசுமு ஓனோவையும் இங்கே துணைக்கு அழைக்க முடியாது, ஏனெனில் இச்சொல் ஜப்பானியத்துக்கே சீனத்திலிருந்து வந்த கடன். சீனத்தில் அது ‘பென்சாய்’.

பிரித்துப் பார்ப்போம். ‘பொன்’ என்பது வாயகன்ற, ஆழமற்ற கலம். ‘சாய்’ என்பது நடுதல். கலத்தில் நட்டது, அவ்வளவே. ஒலியில் மரம் இல்லை. ஆனால் ‘சாய்’ என்பதற்குரிய சீன எழுத்துக்குள் மரத்தைக் குறிக்கும் வடிவம் ஒளிந்திருக்கிறது, காதுக்குக் கேட்காதது கண்ணுக்குத் தெரிகிறது. பெயரை எப்படிக் குடைந்தாலும் கிடைக்காதது ஒன்றுண்டு: குட்டை என்னும் பொருள்.

இதனினும் பழைய பெயர் ஒன்று ஜப்பானில் இருந்தது: ‘ஹச்சி நோ கி’, அதாவது ஹச்சியிலுள்ள மரம். அப்பெயரில் ‘நோ’ என்னும் ஜப்பானிய மரபு நாடகம் ஒன்றே உண்டு. பனி கொட்டும் இரவில் வந்த துறவிக்குக் குளிர்காயத் தன்னிடம் எஞ்சியிருந்த மூன்று கலமரங்களையும் வெட்டி எரிக்கிறான் வறிய போர்வீரன் ஒருவன். துறவி வேடத்தில் வந்தவரோ நாட்டை ஆள்பவர். கதை கிடக்கட்டும், ‘ஹச்சி’யைப் பாருங்கள். புத்தத் துறவியின் பிச்சைக்கலமான வடமொழிப் ‘பாத்ர’ம் சீனத்தில் நுழைந்து ஈற்றை இழந்து ‘பத்’ எனத் தேய்ந்தது; ஜப்பானில் ‘பதி’ என இகரம் பெற்று, தகரம் சகரமாகி, பகரம் ஹகரமாகி ‘ஹச்சி’ ஆயிற்று. பகரம் ஹகரமாவதில் நமக்கு வியப்பில்லை. பாலை ஹாலு என்றும் பள்ளியை ஹள்ளி என்றும் சொல்லும் கன்னடர் அண்டை வீட்டில் இருக்கிறார்கள். ஆக, மணிமேகலை கையில் அமுதசுரபியாக இருந்ததும், நம் சமையலறையில் கழுவக் குவிந்திருப்பதும், ஜப்பானியர் மரம் நட்டதும் ஒரே பாத்திரம்!

தமிழில் நாம் என்ன பெயர் வைத்தோம்? குட்டை மரம், குறுமரம். வடக்கே வாமன விருட்சம் என்கிறார்கள், அதைத் தமிழாக்கினால் குறள்மரம். குறள் என்றால் குள்ளன். மாவலியிடம் மூவடி கேட்டவனும் குறளனே. இம்மூன்றனுள் எனக்குக் கடைசிதான் பிடிக்கும், குறளுருவுக்குள் உலகளந்த நெடுமால் அடங்கியிருக்கிறான் அல்லவா? போன்சாய் மரத்தையும் நிலத்தில் இறக்கி நட்டுவிட்டால் தன் இனத்து வளர்ச்சிக்குத் திரும்பிவிடும். குறுமை அதன் விதையில் இல்லை, வெட்டும் கையில் இருக்கிறது. எனினும் இந்தப் பெயர்கள் புதியவரை ஏமாற்றுகின்றன. ‘குட்டை வகை இருக்கிறதா?’ என்று கேட்டு வாங்கி, வளராத செடி என்று நம்பி, கூடத்து அலமாரியில் வைத்து, ஒரு மாதத்தில் இலையெல்லாம் உதிர்த்துவிடுகிறார்கள்.

கலத்தை முன்னிறுத்தும் தமிழ்ப்பெயர் வேண்டும். கலம், சாடி, தூதை, பானை, நாழி, மண்டை, வட்டி, அகல், உழக்கு. அளவுப்பெயர்களின் முதலெழுத்துகளைச் சொல்லும் தொல்காப்பிய நூற்பாவுக்கு உரைகாரர் காட்டும் ஒன்பது பெயர்கள் இவை. எட்டாவதில் நில்லுங்கள். அகல்! இன்று கார்த்திகை விளக்கோடு ஒட்டிக்கொண்டுவிட்ட இச்சொல், வாயகன்று ஆழம் குறைந்த மண்கலத்தின் பெயர். ‘பொன்’ என்பதற்கு இதைவிட நேரான தமிழ் எது? அகல்மரம் என்று சொல்லிப்பாருங்கள். அகலில் நட்ட மரம் என உருபும் பயனும் உடன்தொக்க தொகையாக விரியும். அகலும் மரம், அகன்ற மரம் என வினைத்தொகையாகவும் விரியும். பரந்து விரியப் பிறந்த மரம் சிறுகலத்தில் நிற்கும் முரண் முழுவதும் ஒரே தொகையில்.

இன்னும் ஓர் இன்பம். ஆல் என்னும் பெயரே அகல் என்பதன் இடைக்குறை மருவல் என்பர் பாவாணர் வழியினர், அகன்று படர்வதால். அடையாறு பிரம்மஞான சபையின் ஆலமரத்தைப் பார்த்தவர்க்கு விளக்கம் வேண்டாம். 1989இல் அதன் அடிமரம் சாய்ந்த பின்னும் விழுதுகளே மரங்களாகி நிற்கின்றன. அந்த அகலை ஓர் அகலில் நிறுத்துவதுதான் இந்தக் கலை. மலையே இல்லாத நிலத்தில் பழனியை நட்டு வடபழனி என்று பெயரிட்ட ஊர்க்காரர்களுக்கு இது கைவராத வேலையா என்ன?

முதல் மரம் எது என்று கேட்பவருக்கும் பெயர்களே வழிகாட்டும். கல்லால், கல்லித்தி என்று கல்லை முன்னே சூடிய பெயர்களைத் தேடுங்கள். பாறையிடுக்கிலும் பழஞ்சுவரிலும் காக்கை எச்சத்தில் முளைத்துச் சிறங்கை மண்ணில் பிழைப்பவை என்று பெயரே உறுதி கூறுகிறது. இத்தி பேச்சில் இச்சி ஆகும், சிரித்து சிரிச்சு ஆவதைப்போல. எந்த ஒலியில் கேட்டாலும் வாங்குங்கள். ஆல், அரசு, அத்தி, இத்தி எல்லாம் பால் வடியும் ஒரே குடும்பம், வெட்டைத் தாங்கும். வாங்கும்போது இலையழகைப் பார்க்காமல் அடிமரத்தையும், மண்ணோடு வேர் பிரியும் இடத்தையும் பாருங்கள். கிளையைப் பின்னால் வளர்த்துக்கொள்ளலாம், அடியைத் திருத்துவது கடினம்.

பராமரிப்பும் அகலின் இயல்பிலிருந்தே வருகிறது. ஆழமற்ற கலத்தில் நீர் எளிதில் இறங்காது, அடிமண்ணில் தேங்கி வேரை அழுக்கும். ஆகவே களிமண் கூடாது, செங்கல் நொறுங்கலும் பருமணலும் மக்கிய எருவும் கலந்து, துளைகளுக்கு வலை இட்டு நிரப்ப வேண்டும். அதே கலம் சென்னைச் சித்திரை வெயிலில் அரைநாளில் காய்ந்தும் போகும், அதனால் மேல்மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, அந்நாள்களில் காலையும் மாலையும் நீர் விட வேண்டும். கூடம் வேண்டாம், மாடியோ பால்கனியோ, நாளும் சில மணி நேரமாவது வெயில் படும் இடம். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வெளியே எடுத்து வேரில் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரித்துப் புதுமண்ணில் நடுங்கள். ‘சாய்’ என்பதன் நடுதல் ஒருநாள் வேலை அன்று. கிளையை வளைக்க அலுமினியக் கம்பி சுற்றினால், அது பட்டைக்குள் பதியும் முன் வெட்டி எடுத்துவிட வேண்டும்.

நன்னூல் வழி நின்று புணர்த்தினால் அகல்மரம் அகன்மரம் ஆகும். கல்மலை கன்மலை ஆனதுபோல. அப்படி எழுதினால் அகலும் மறைந்துவிடும், நர்சரிக்காரரும் விழிப்பார். இந்த ஒரு லகரத்தை மட்டும் நன்னூல் தந்த பவணந்தியார் பொறுத்தருள வேண்டும்.