கரிமக் கழிவுத் தழைச்சத்து உரம்

கரிமக் கழிவுத் தழைச்சத்து உரம் என்பது பயிர்களுக்குத் தழைச்சத்தை (நைட்ரசன்) வழங்கும் பொருட்டு மண்ணில் இடப்படும் தாவர, விலங்குக் கழிவுகளைக் குறிக்கும். தமிழகத்தில் சோளம், கம்பு, பருத்தி முதலிய புன்செய்ப் பயிர்களுக்கு இவை பெரும்பாலும் அடியுரமாக இடப்படுகின்றன.

தழைச்சத்தின் அளவு

தழைச்சத்து ஏறத்தாழ பின்வரும் அளவுகளில் காணப்படும்:

* தொழு உரம் – 0.5%
* கோழி எரு – 3%
* ஆமணக்குப் பிண்ணாக்கு – 4.3%
* வேப்பம் பிண்ணாக்கு – 5%

20 கிலோ தழைச்சத்தைப் பெற 4 டன் தொழு உரமோ 400 கிலோ வேப்பம் பிண்ணாக்கோ தேவைப்படும். 46% தழைச்சத்துடைய யூரியாவில் ஏறத்தாழ 43 கிலோ போதுமானது. ஆமணக்குப் பிண்ணாக்கில் ரிசின் என்னும் நச்சுப் புரதம் உள்ளதால், அது கால்நடைத் தீவனமாகாமல் உரமாகவே பயன்படுகிறது.

செயற்படும் முறை

கழிவுகளில் தழைச்சத்து பெரும்பாலும் புரதங்களில் அடங்கியுள்ளது. வேர்கள் அதனை முதன்மையாக அம்மோனியம், நைட்ரேட்டு ஆகிய வடிவங்களிலேயே உறிஞ்சுகின்றன. மண் நுண்ணுயிர்கள் புரதத்தைச் சிதைத்து அம்மோனியமாக்குகின்றன. காற்றோட்டமுள்ள புன்செய் மண்ணில் பாக்டீரியாக்கள் அதனை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இதற்கு மண்ணில் ஈரம் தேவை. எனவே மானாவாரி நிலத்தில் மழை பொய்த்தால், இட்ட உரத்தின் பயன் தாமதமாகும். தொழு உரத்தின் தழைச்சத்தில் ஒரு பகுதியே முதற்பருவத்தில் கிடைக்கும். எஞ்சியது பின்வரும் பருவங்களில் சிறிது சிறிதாக வெளிப்படும்.

கரிம-தழைச்சத்து விகிதம்

கழிவிலுள்ள கரிமத்திற்கும் தழைச்சத்திற்கும் இடையேயான விகிதமே உரத்தின் பயனைத் தீர்மானிக்கிறது. இது ஏறத்தாழ 20:1க்குக் குறைவாயின் தழைச்சத்து விரைவில் வெளிப்படும். 30:1க்கு மிகுந்தால், நுண்ணுயிர்கள் தம் வளர்ச்சிக்காக மண்ணிலுள்ள தழைச்சத்தையும் எடுத்துக்கொள்ளும். அப்போது உரமிட்ட பயிரே தழைச்சத்துப் பற்றாக்குறைக்கு உள்ளாகி, அடியிலைகள் மஞ்சள் நிறமடையும்.

மரத்தூள், வைக்கோல், தென்னை நார்க்கழிவு ஆகியவற்றில் இவ்விகிதம் மிக அதிகம். நார்க்கழிவில் 100:1க்கும் மேற்பட்டுள்ள இவ்விகிதம், சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் சேர்த்து மட்கச் செய்வதால் ஏறத்தாழ 24:1 ஆகக் குறைகிறது.

இழப்பும் தடுப்பும்

புதிய எருவை நிலத்தின் மேற்பரப்பில் விட்டுவைத்தால் தழைச்சத்து அம்மோனியா வளியாக வெளியேறும். எனவே இட்டவுடன் உழுது மண்ணில் கலத்தல் வேண்டும். நைட்ரேட்டு கனமழையில் வேர்ப்பகுதிக்குக் கீழே கரைந்து செல்லக்கூடியது. வேப்பம் பிண்ணாக்கு நைட்ரேட்டு உருவாதலைத் தாமதப்படுத்துவதால், யூரியாவுடன் கலந்தும் இடப்படுகிறது.