வளையத்தில் ஒரே ஓர் ஊர்: சமச்செலவுப் பாதைகளும் குடுபல்லி போன்ற மண்டலங்களும்

சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், குப்பத்தை அடுத்து, குடுபல்லி இருக்கிறது. தெலுங்கும் தமிழும் கன்னடமும் புழங்கும் எல்லைப் பகுதி. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு 1864இல் திறக்கப்பட்ட ரயில்பாதையில் இது ஒரு நிலையம். 2000இல் தொடங்கப்பட்ட ரயில்டெல் நிறுவனம் தண்டவாளங்களை ஒட்டிக் கண்ணாடியிழை பதித்தது. 2017 டிசம்பரில் குடியரசுத் தலைவர் தொடங்கிவைத்த ஆந்திர மாநில ஃபைபர்நெட்டோ இழையை மின்கம்பங்களின் மேலேயே கொண்டுசென்றது. 2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ரூ.1.39 லட்சம் கோடியில் ஒப்புதல் தந்த திருத்தப்பட்ட பாரத்நெட் திட்டம், ஊராட்சிகளை இனி வளைய அமைப்பில் இணைக்க வேண்டும் என்கிறது. வளையம் என்றால் ஒவ்வோர் ஊருக்கும் இரண்டு பக்கமும் வழி உண்டு. அப்படியானால், இரண்டு வழிகள் இருக்கும்போது ரவுட்டர் எதைத் தேர்ந்தெடுக்கிறது என்பது ஊராட்சி அலுவலகம்வரை வந்துவிட்ட கேள்வி. ஒரே செலவுள்ள வழிகள் எல்லாவற்றிலும் போக்குவரத்தைப் பிரித்து அனுப்பும் சமச்செலவு என்னும் விதி வளையத்தில் மிகக் குறைவாகவே உதவுகிறது என்பதும், அந்தக் குறைந்த உதவி எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பதைத் திட்டமிடுவோரே தீர்மானிக்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ரவுட்டர்கள் வழி கண்டறியப் பின்பற்றும் நெறிமுறை உண்மையில் என்ன செய்கிறது என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஓஎஸ்பிஎஃப் என்னும் அத்தகைய நெறிமுறையின் இரண்டாம் பதிப்பை ஜான் மோய் 1998 ஏப்ரலில் ஆர்.எஃப்.சி. 2328 என்ற இணைய நெறி ஆவணமாக எழுதினார். அதன்படி ஒவ்வொரு ரவுட்டரும் வலையமைப்பின் முழு வரைபடத்தை வைத்துக்கொண்டு, டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட முறையால் குறைந்த செலவுள்ள பாதையைக் கணக்கிடுகிறது. ஒரே செலவில் இரண்டு பாதைகள் வந்தால் இரண்டையும் அட்டவணையில் வைத்துக்கொள்கிறது. அதோடு நெறிமுறையின் வேலை முடிந்தது. இரண்டில் ஒன்றை அது தேர்ந்தெடுப்பதே இல்லை. தேர்வு பாக்கெட் வந்து சேரும் கணத்தில் நடக்கிறது. அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, இருபுறப் போர்ட் எண்கள், நெறிமுறை எண் ஆகிய ஐந்தையும் ஹாஷ் கணக்கில் இட்டு, வரும் விடைக்கேற்ப ரவுட்டர் ஒரு வாயிலில் அனுப்புகிறது. ஓர் உரையாடலின் பாக்கெட்டுகள் எல்லாம் ஒரே வழியில் போவதற்காகவே இந்த ஏற்பாடு. ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்தால் அவை வரிசை மாறிப் போய்ச் சேரும். பாக்கெட்டுகளின் வரிசையைக் கவனிக்கும் டிசிபி நெறிமுறை அதைத் தொலைந்த பாக்கெட் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைத்துவிடும்.

ஹாஷ் முறைகளிடையேயும் வேறுபாடு உண்டு. 2000 நவம்பரில் வந்த ஆர்.எஃப்.சி. 2992 இதை ஆராய்ந்தது. வகுத்து மீதி காணும் எளிய முறையில் ஒரு வழி கூடினாலோ குறைந்தாலோ பெரும்பாலான உரையாடல்கள் இடம் மாறிவிடும். எல்லை பிரிக்கும் முறையில் கால் பங்கிலிருந்து அரைப் பங்குவரைதான் மாறும். பெரிய தரவு மையங்களில் இது முக்கியம். இரண்டே வாயில்கள் உள்ள ஊராட்சி ரவுட்டரில் இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

பேச வேண்டியது செலவைப் பற்றி. செலவு என்பது மனிதர் எழுதிவைக்கும் எண். சிஸ்கோ ரவுட்டர்களில் இயல்பான கணக்கு, நொடிக்கு 100 மெகாபிட் என்ற அளவுகோலை இணைப்பின் வேகத்தால் வகுப்பது. ஒன்றுக்குக் கீழ் போகும் எண் ஒன்றாகவே கொள்ளப்படும். ஆகவே 100 மெகாபிட் இணைப்பும் 10 கிகாபிட் இணைப்பும் யாரும் கைவைக்காத வரை ஒரே செலவு. நூறு மடங்கு வேறுபட்ட இரண்டு வழிகள் சமம் என்று எழுதப்பட்டால், ரவுட்டர் பாதிக்குப் பாதி பிரித்தே அனுப்பும். சமம் என்ற தீர்ப்பை வழங்கியது நெறிமுறை அல்ல, அளவுகோலை மாற்றாமல் விட்டவர்.

இனி வளையத்துக்கு வருவோம். மண்டலத் தலைமையிடத்தில் ஒரு ரவுட்டர். அங்கிருந்து புறப்பட்டு ஊராட்சிகளைச் சுற்றி அங்கேயே திரும்பும் ஒரு வளையம். தலைமையிடத்திலிருந்து வலப்பக்கமாக ஊர் ஊராகப் போகப்போக, வலவழிச் செலவு ஒவ்வோர் ஊரிலும் கூடிக்கொண்டே போகும். இடவழிச் செலவோ ஒவ்வோர் ஊரிலும் குறைந்துகொண்டே வரும். ஏறும் வரிசையும் இறங்கும் வரிசையும் ஒரே இடத்தில்தான் சந்திக்க முடியும். அந்த இடம் இரண்டு ஊர்களுக்கு நடுவில் விழுந்தால் சந்திப்பே இல்லை. ஆகவே செலவுகளை எப்படி எழுதினாலும், ஒரு வளையத்தில் தலைமையிடத்துக்குச் சமச்செலவுப் பாதைகள் இரண்டு பெறக்கூடிய ஊர் அதிகபட்சம் ஒன்றே. மற்ற எல்லா ஊர்களும் ஒரு பக்கத்தை மட்டுமே பயன்படுத்தும்.

எட்டு ரவுட்டர்களை எடுத்துக்கொள்வோம்: தலைமையிடத்தில் ஒன்று, ஊராட்சிகளில் ஏழு, ஒவ்வோர் இணைப்புக்கும் செலவு 10. நான்காவது ஊருக்கு இருபுறமும் 40. அதன் போக்குவரத்து இரண்டாகப் பிரியும். யாரோ ஓர் இணைப்பின் செலவை 11 என்று மாற்றுகிறார். இப்போது ஒருபுறம் 41, மறுபுறம் 40. பிரிவு நாற்பதுக்கு நாற்பத்தொன்று என்ற விகிதத்தில் சற்றே சாயவில்லை. அந்த ஊரின் போக்குவரத்து முழுவதும் ஒரே பக்கம் போய்விடுகிறது. சமச்செலவு விதியின் இந்தக் கூர்மைதான் என்னை மிகவும் கவலைப்பட வைக்கிறது. வலப்பக்க ஊர்களில் கல்லூரி, மருத்துவமனை என்று நெரிசல் மிகுந்து, இடப்பக்கம் காலியாகக் கிடந்தாலும், விதிக்கு அது தெரியாது.

செலவுகளை நுட்பமாக எழுதினால் போதும், ஓஎஸ்பிஎஃபையே நன்றாக ஓட்டலாம் என்பது எதிர்வாதம். அதற்கு வலுவான ஆதாரம் உண்டு. 2000இல் பெர்னார்ட் ஃபோர்ட்ஸும் மிக்கேல் தோரப்பும் ஏடி&டி வலையமைப்பை வைத்து, தக்க செலவுகளைத் தேடி எழுதினால் சிறந்த பங்கீட்டுக்கு மிக அருகே வரலாம் என்று காட்டினர். ஆனால் அது குறுக்கும் நெடுக்குமாக இணைப்புகள் நிறைந்த முதுகெலும்பு வலையமைப்பு. வளையத்தில் அந்த வாய்ப்பில்லை என்பதை மேலே கண்டோம்.

சமச்செலவின் பெரும் பயன் பங்கீட்டில் இல்லை, இழை அறுபடும் நேரத்தில் இருக்கிறது. நான்காவது ஊரின் ரவுட்டரில் இரண்டு வாயில்களும் முன்பே தயாராக இருப்பதால், அதை ஒட்டிய ஓர் இணைப்பு அறுந்த உடனே மறுபுறம் திரும்பிவிடும். மூன்றாவது ஊருக்கு அது இயலாது. மறுபுறம் அனுப்பினால் நான்காவது ஊர் அதில் ஒரு பகுதியைத் திருப்பியே அனுப்பக்கூடும். எல்லா ரவுட்டர்களும் புதிதாகக் கணக்கிட்டு முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திராமல் அண்டை ஊர் வழியாக உடனே திருப்ப அனுமதிக்கும், 2008இல் வந்த ஆர்.எஃப்.சி. 5286இன் மாற்றுவழி நிபந்தனையும் இங்கே ஒரு நூலிழையில் தோற்கிறது: அண்டை ஊரின் செலவு 40ஐ விடக் குறைவாக இருக்க வேண்டும், சரியாக 40 இருக்கிறது. வியப்பு என்னவென்றால், வளையத்தில் ஓர் ஊரைக் குறைத்து ஏழு ரவுட்டர்கள் ஆக்கினால், சமச்செலவு எந்த ஊருக்கும் கிடைப்பதில்லை. ஆனால் தொலைவிலுள்ள மூன்றாவது, நான்காவது ஊர்கள் இரண்டுமே இந்த உடனடி மாற்றுவழியைப் பெறுகின்றன. எல்லா ஊர்களுக்கும் இதைத் தர வேண்டுமானால் 2015இன் ஆர்.எஃப்.சி. 7490 சொல்லும், தொலைவிலுள்ள ஒரு ரவுட்டர் வழியாகத் திருப்பும் தொலைமாற்று முறை தேவை. அது விளக்கத்துக்கு எடுத்துக்கொண்ட உதாரணமே ஓர் எளிய வளையம்தான்.

இரண்டு எச்சரிக்கைகள். பாக்கெட்டுகளுக்கு லேபிள் ஒட்டி அனுப்பும் எம்பிஎல்எஸ் அமைப்பில் ஓர் ஊராட்சியின் போக்குவரத்து முழுவதும் ஒரே குழாய்போலப் பொதியப்பட்டால், உள்ளிருக்கும் ஐந்து எண்கள் இடைப்பட்ட ரவுட்டருக்குத் தெரியாமல் போகலாம். சமச்செலவு இருந்தும் எல்லாம் ஒரே பக்கம் போகும். 2012இல் வந்த ஆர்.எஃப்.சி. 6790 இதற்கென்றே தனி லேபிளை வகுத்தது; கருவிகள் அதை ஏற்கின்றனவா என்று ஒப்பந்தப் புள்ளியிலேயே கேட்க வேண்டும். அடுத்தது இன்னும் அடிப்படையானது. வளையத்தின் இரு முனைகளும் தலைமையிடத்திலிருந்து ஒரே மின்கம்ப வரிசையில் புறப்பட்டால், வரைபடத்தில் இரண்டு வழிகள், தெருவில் ஒன்று. ஒரு லாரி ஒரு கம்பத்தைச் சாய்த்தால் இரண்டும் போகும். செலவு எண்ணில் கம்பமோ பள்ளமோ எழுதப்படுவதில்லை. குடுபல்லி போன்ற ஊரில் தண்டவாளத்தை ஒட்டிய இழையை ஒரு முனைக்கும் மின்கம்ப இழையை மறுமுனைக்கும் எடுக்க நிறுவனங்கள் ஒத்துக்கொண்டால், காகிதத்து வளையம் நிலத்திலும் வளையமாகும்.

இருபுறச் செலவும் சமமாகும் வளையத்தின் நடுப்புள்ளி எந்த ஊரில் விழ வேண்டும் என்பதை இன்று இயல்பான எண்களே முடிவு செய்துவிடக்கூடும். அது ஊருக்கு வெளியே இரண்டு கம்பங்களுக்கு நடுவில் விழுந்து வீணாகவும் கூடும். ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே, வங்கிக் கிளை எங்கே, எந்தச் சாலையில் அடிக்கடி பள்ளம் தோண்டுகிறார்கள் என்பதெல்லாம் மண்டல அலுவலகத்துக்குத் தெரியும். செலவு எண்ணை எழுதும் பொறியாளருக்குத் தெரிவதில்லை. எண்கள் ரவுட்டரில் ஏறும் முன்பே இவ்விருவரும் ஒரே வரைபடத்தின் முன் உட்கார வேண்டும்; நடுப்புள்ளி எந்த ஊர் என்பதை அங்கேயே பெயர் சொல்லி எழுத வேண்டும்.