குழந்தைகளின் கைப்பிடி வலிமை: விளையாட்டின் வழியே பாதுகாப்பாக வளர்த்தல்

பென்சிலைத் தளர்வாகப் பிடிக்கிறது. புட்டியின் மூடியைத் திருக முடியவில்லை. சிறிது எழுதியதும் கை வலிக்கிறது என்கிறது. மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளின் பெற்றோர் புறநோயாளர் பிரிவில் அடிக்கடி தெரிவிக்கும் குறைகள் இவை. கைக்கு வலுவூட்டும் சுருள்வில் கருவியை வாங்கித் தரலாமா என்றும் சிலர் கேட்கின்றனர். இவ்வயதில் அது தேவையில்லை. அன்றாட விளையாட்டும் சிறு வீட்டு வேலைகளுமே பெரும்பாலான குழந்தைகளுக்குப் போதுமான பயிற்சியாகும்.

கைப்பிடி எவ்வாறு வளர்கிறது?

மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உள்ளன. பிறக்கும்போது இவை பெரும்பாலும் குருத்தெலும்பாகவே இருக்கும். பின்னர் ஒன்றன்பின் ஒன்றாகக் கடினமடைகின்றன. ஐந்து வயதிலும் இவ்வளர்ச்சி முடிவடைவதில்லை. எனவே, பெரியவர்களுக்கான பயிற்சியைச் சிறு கைகளுக்கு அளித்தல் பொருந்தாது.

பொதுவாகக் காணப்படும் வளர்ச்சிப் படிகள்:

• பிறந்த குழந்தை: உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுகப் பற்றும். இது அனிச்சைச் செயல். நான்கு முதல் ஆறு மாதங்களுக்குள் மறைந்துவிடும்.
• 5 – 6 மாதம்: பொருளை உள்ளங்கை முழுவதாலும் பற்றும்.
• 6 – 8 மாதம்: ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பொருளை மாற்றும்.
• 9 – 12 மாதம்: கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனிகளால் சிறு பொருளை எடுக்கும்.
• 1 – 2 வயது: கிரையானை முஷ்டியால் பிடித்துக் கிறுக்கும்.
• 4 – 6 வயது: பென்சிலை மூன்று விரல்களால் பிடிக்கப் பழகும்.

இக்கால அளவுகள் குழந்தைக்குக் குழந்தை சிறிது மாறுபடலாம். மூன்று வயதுக் குழந்தை பென்சிலைச் சரியாகப் பிடிக்கவில்லை என்பது நோயன்று. எழுதும்படி வற்புறுத்துவதால் விரல்கள் வலுப்பெறுவதில்லை. குழந்தைக்கு எழுத்தின்மீது வெறுப்பே மிஞ்சும்.

நினைவில் கொள்ள வேண்டிய அடிப்படை விதி

பிடியைக் குழந்தையே தொடங்க வேண்டும். குழந்தையே விட வேண்டும். வலித்தாலும் களைத்தாலும் உடனே கையை விடும் உரிமை குழந்தைக்கு இருக்கும் விளையாட்டே பாதுகாப்பானது.

வயதுக்கேற்ற விளையாட்டுகள்

ஒரு வயதுக்குள்: கவிழ்ந்து படுத்து விளையாடவும் தவழவும் போதிய இடம் அளியுங்கள். தவழும்போது உள்ளங்கையும் தோளும் உடல் எடையைத் தாங்கி உறுதி பெறுகின்றன. விரலிடுக்கில் கொள்ளும் கிலுகிலுப்பையைக் கொடுத்து வாங்கி விளையாடலாம்.

1 – 3 வயது: சப்பாத்தி மாவில் ஓர் உருண்டையைக் கொடுத்துப் பிசையவும் தட்டவும் விடுங்கள், பச்சை மாவை உண்ணாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய செய்தித்தாளைக் கிழித்துக் கசக்கிப் பந்தாக்கி எறியலாம். குளிக்கும்போது சிறு துணியை நனைத்துப் பிழியச் சொல்லலாம். ஒரு வாளி நீராயினும் அதன் அருகில் குழந்தையைத் தனியே விடக்கூடாது.

3 – 5 வயது: கீரை ஆய்தல், களிமண்ணில் உருவம் செய்தல், இறுக்கம் குறைந்த துணிக் கிளிப்பைக் கொடியில் மாட்டுதல், தெளிப்பான் புட்டியால் செடிக்கு நீர் தெளித்தல் ஆகியவை ஏற்றவை. சமையலறையில் உட்கார்ந்து முருங்கைக் கீரையை உருவும் குழந்தை, நுனிவிரல்களுக்கு வேண்டிய பயிற்சியைத் தானாகவே பெறுகிறது.

5 வயதுக்கு மேல்: பல்லாங்குழி, அஞ்சாங்கல், பூங்காவின் ஏணியில் ஏறுதல் ஆகியவற்றில் ஈடுபடுத்தலாம். கம்பியில் தொங்கினால், உயரம் குறைவாகவும் கீழே மணல் பரப்பாகவும் இருக்க வேண்டும். பெரியவர் ஒருவர் அருகில் நிற்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஐந்து அல்லது பத்து நிமிடம் போதும். இரு கைகளுக்கும் வாய்ப்பளியுங்கள். இடக்கைப் பழக்கமுள்ள குழந்தையை வலக்கைக்கு மாற்ற முயலாதீர்கள்.

தவிர்க்க வேண்டியவை

• குழந்தையின் கையைப் பிடித்துத் தூக்குதல், சுழற்றுதல், வெடுக்கென இழுத்தல். இதனால் முழங்கை மூட்டில் எலும்பு நழுவக்கூடும். 1 முதல் 4 வயது வரை இது அதிகம் நேர்கிறது. குழந்தை அழுது, கையைச் சற்றே மடக்கி அசைக்காமல் வைத்துக்கொள்ளும். வீட்டில் இழுத்தோ உருவியோ பார்க்காமல் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். பெரும்பாலும் அவர் சில நிமிடங்களில் சரிசெய்துவிடுவார்.
• சுருள்வில் கருவிகள், எடை தூக்குதல். எதிர்ப்பு விசைப் பயிற்சி எதுவாயினும், சொல்வதைப் புரிந்து பின்பற்றும் 7 அல்லது 8 வயதுக்குப் பின்னர், பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையில் மட்டுமே.
• ரப்பர் வளையத்தை விரலில் சுற்றி விளையாடுதல். இரத்த ஓட்டம் தடைப்படலாம்.
• மூன்று வயதுக்குட்பட்டோரிடம் புளியங்கொட்டை, சோழி, மணி, ஊதாத பலூன் ஆகியவற்றைத் தருதல். மூச்சுக்குழாய் அடைபடும் ஆபத்து உண்டு.
• நீரில் ஊறிப் பெருகும் வண்ண மணிகள், காந்த உருண்டைகள், பொத்தான் வடிவ மின்கலங்கள். இவற்றை விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே, வாந்தி எடுக்கச் செய்யாமல் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

• நான்கு மாதத்திற்குப் பிறகும் கைகள் எப்போதும் மூடியே இருத்தல்
• ஆறு மாதத்தில் பொருளை நோக்கிக் கை நீட்டாதிருத்தல்
• ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துதல். இது பெருமைக்குரியதன்று, மறு கையில் பலவீனம் இருப்பதன் அறிகுறியாகலாம்
• முன்பு செய்த செயலை இப்போது செய்ய இயலாமை
• அடிக்கடி விழுதல், தரையிலிருந்து எழத் தொடைகளில் கையூன்றுதல்

கையோ காலோ திடீரெனத் தளர்ந்து செயலிழந்தால் காத்திருக்காமல் 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.

எங்கு செல்லலாம்?

2013-இல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ், நடமாடும் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பரிசோதனை செய்கின்றனர். பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோர் இதில் அடங்குவர். குழுவினர் வரும் நாளை அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டறியலாம். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையும் அணுகலாம். தேவைப்படும் குழந்தைகள் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்திற்குப் பரிந்துரைக்கப்படுவர். பலவீனம் எவ்வளவு விரைவில் கண்டறியப்படுகிறதோ, பயிற்சியின் பலனும் அவ்வளவு கூடும். “வளர்ந்தால் சரியாகிவிடும்” என்று காத்திருக்க வேண்டாம்.

இத்தகவல் பொது விழிப்புணர்வுக்கானது. மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கு மாற்றாகாது.